இரண்டு ஜாடி விட்டு மூன்றாவது

அந்தப் புதன்கிழமை மாலை என் மனைவி கொத்தமல்லியிலிருந்து இருபத்து நான்கு சொற்களை எடுத்தாள். இருபத்து நான்காவது காப்பிக் கொட்டையைத் தட்டில் போடும்போதே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

எங்கள் சமையலறை அலமாரியில் பதினெட்டுக் கண்ணாடி ஜாடிகள் உண்டு. அவள் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அன்று பள்ளியில் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சமையல் பொருளின் பெயர் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். வெளியே எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் எங்கள் வீட்டில் சம்பந்தம் கிடையாது. ஏலக்காய் ஜாடியில் பொட்டுக்கடலை இருக்கும். பெருஞ்சீரக ஜாடியில் என் மாத்திரைகள் இருக்கும். ஞாயிறும் புதனும் மாலையில் நான் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பேன். அதில் உள்ள எழுத்துக்களை மட்டும் மாற்றி மாற்றிச் சேர்த்து அவள் வேறு ஆங்கிலச் சொற்களை உண்டாக்க வேண்டும். கொத்தமல்லிக்கு ஆங்கிலத்தில் 'கொரியாண்டர்', ஒன்பது எழுத்து. அதிலிருந்து 'ரோட்' வரும், 'ரெயின்' வரும், 'ரைஸ்' வரும். இல்லாத எழுத்தை இழுத்துப் போடக் கூடாது. மூன்று எழுத்துக்குக் குறைந்தால் செல்லாது. நேரம் பத்து நிமிடம். அவள் ஒரு சொல் சொன்னால் நான் ஒரு காப்பிக் கொட்டையை எவர்சில்வர் தட்டில் போடுவேன். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். போடத் தாமதித்தால் தட்டைப் பார்ப்பாள்.

இது விளையாட்டு அல்ல. ஆடி மாதத்தில் ஒரு காலை அவள் என்னிடம் தண்ணீர் கேட்க வாயெடுத்து, "கதவு" என்றாள். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி முயன்றாள். மறுபடியும் "கதவு". வலது கை மேஜையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடி வந்து பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல் போய்ச் சேர்ந்தோம். மூளையில் சிறிய அடைப்பு என்றார் டாக்டர். கை சரியாகிவிடும், பேச்சும் வரும், சொல்லைத் தேடி எடுப்பதில்தான் கொஞ்ச நாள் சிரமம் இருக்கும், பழக்க வேண்டும் என்றார். என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்டார். ஆங்கில டீச்சர் என்றேன். "அப்படீன்னா அதுலயே பழக்குங்க. ஒரு வார்த்தையக் குடுத்து அதுக்குள்ள இருக்கற வார்த்தைகளை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

அவளுக்கு அது புதிதல்ல. எங்கள் மகன் சிறுவனாக இருந்தபோது மலைப்பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுப்பான். கீழே காளப்பநாயக்கன்பட்டி போய்ச் சேர்வதற்குள் பேருந்தே நாறிவிடும். அதைத் தடுக்க இவள் கண்டுபிடித்த வைத்தியம் இதுதான். கிளம்பும்போது ஒரு பெரிய சொல்லைக் கொடுப்பாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் அதற்குள்ளிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தர வேண்டும். அவன் வளைவை மறந்து எழுத்தில் முட்டிக்கொண்டிருப்பான். பத்து வயதில் ஒருமுறை மஞ்சளின் ஆங்கிலப் பெயரான 'டர்மரிக்'கிலிருந்து 'ரெக்ரூட்' என்று எடுத்தான். ஏழு எழுத்து. ராணுவத்துக்கு ஆள் எடுப்பது என்று அர்த்தமும் சொன்னான். அதை இவள் முப்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

அந்த மகன்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்று, "ரெண்டு பேரும் கோயமுத்தூர் வந்துருங்கப்பா" என்றான். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா? எழுபது வளைவு இறங்கறதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்."

அவன் சொல்வதில் தவறில்லை. மூன்றாவது மாடியில் அவனுக்கு நல்ல வீடு. பக்கத்துத் தெருவிலேயே பெரிய ஆஸ்பத்திரி. அவனும் மருமகளும் காலையில் ஆபீஸ் போனால் இரவுதான் திரும்புவார்கள். இவள் கட்டிலில் படுத்தபடியே, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு விட்டுச் சொன்னாள். "அங்க... பேச... ஆளில்ல, கண்ணு. பேசாம இருந்தா... இருக்கறதும்... போயிரும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தான். பொங்கலுக்கு வருவான். அதற்குள் அம்மா தேறியிருந்தால் மலையிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். மறுபேச்சு கூடாது.

"தேறுனாங்களா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று அவனே கேட்டான்.

"பதினஞ்சு சொல்" என்றேன். "பத்து நிமிஷத்துல பதினஞ்சு சொல் எடுத்தா தேறிட்டான்னு அர்த்தம். நான் எண்ணி உனக்குச் சொல்றேன்."

புள்ளியியல் துறையில் காலம் கழித்தவன் நான். எண் சொன்னால் யாரும் என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. அவனும் பேசவில்லை.

ஆவணியில் நாலு, ஐந்து என்று ஆரம்பித்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் ஜன்னல் வழியாகத் தெரியும் சில்வர் ஓக் மரங்களை எண்ணி முடித்துவிடுவேன். உதடு அசையும், சத்தம் வராது. புரட்டாசியில் ஏழானது. தீபாவளிக்குப் பத்து. அதன்பிறகு பத்திலேயே நின்றுவிட்டது. மூன்று வாரம் பத்து, ஒன்பது, பத்து. இப்படி நின்ற எண் திடீரென்று ஒரு புதன்கிழமை இருபத்து நான்குக்குத் தாவினால் யார்தான் நம்புவார்கள்?

எண்ணைவிட அவள் சொன்ன விதம்தான் உறுத்தியது. 'ரேடியோ', 'அயர்ன்', 'ஓஷன்', 'கார்னர்', 'ஆர்டர்', 'டான்ஸ்' என்று வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி வாசித்தாள். பார்வை ஜாடியில் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த சுவரில் இருந்தது.

"என்னங்க, கொட்டை தீந்துபோச்சா?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். ஓர் ஆணியும், பல்லி ஒன்றும்தான் இருந்தன.

முதல் சந்தேகம் கைபேசி. இந்தக் காலத்தில் எழுத்துக்களைத் தட்டினால் அதற்குள் இருக்கும் சொற்களையெல்லாம் அதுவே கொட்டிவிடும் என்று எனக்குத் தெரியும். நானே தட்டிப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலையிலேயே அவளுடைய கைபேசியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எதுக்குங்க அது?"

"சார்ஜ் இறங்குது. கடையில காட்டணும்."

"ஞாயித்துக்கெழம எந்தக் கடை தொறந்திருக்கு?"

அன்று மாலை கடுகு ஜாடி. 'ஸ்டார்', 'ஸ்மார்ட்', 'டஸ்ட்', 'ரஸ்ட்', 'ட்ரம்' என்று பத்தொன்பது. கைபேசி என் பையில்தான் இருந்தது. ராத்திரி மகனுக்குப் பத்தொன்பது என்று சொன்னேன். "சூப்பர்ப்பா!" என்றான். அந்த சூப்பர் எனக்கு நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்தது.

எதற்கு இவ்வளவு வேவு என்று கேட்கலாம். இங்கேயே இருக்க வேண்டும் என்ற ஆசை அவளைவிட எனக்குக் குறைவில்லை. கீழே முள்ளுக்குறிச்சியில் பிறந்தவன் நான். உத்தியோகத்துக்கு மலையேறினேன், இறங்க மனம் வரவில்லை. இருபத்து நான்கு என்றதும் சந்தோஷப்பட்டு வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் அது பொய்க் கணக்காக இருந்து, உள்ளே அவள் பத்திலேயே நின்றிருந்தால்? அல்லது இறங்கிக்கொண்டிருந்தால்? இன்னொரு காலையில் மறுபடி "கதவு" என்று சொன்னால் அந்த எழுபது வளைவுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் நான். தப்பான எண் கெட்ட எண்ணைவிட ஆபத்து. கெட்ட எண்ணாவது எச்சரிக்கும்.

இரண்டாவது சந்தேகம் பக்கத்து வீட்டு நர்ஸ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. மலைக்கு மாற்றலாகி வந்தபோது மூன்று மாதத்தில் ஓடிவிடுவேன் என்றவர், இப்போது கிறிஸ்துமஸுக்குக் கூட ஊருக்குப் போக யோசிக்கிறார். தினமும் மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது இவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போவார். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அவர் அரை மணி நேரம் உட்காருகிறார். அந்த நேரத்தில் நான் பின்னால் மிளகுக் கொடியைப் பார்க்கப் போய்விடுவேன். அப்படியென்றால் பாடம் நடப்பது அப்போதுதான்.

மறுநாள் கொடியைப் பார்க்கப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு இருவருக்கும் எதிரே உட்கார்ந்தேன். நர்ஸ் இவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சார், போலீஸ் கணக்கா பாக்கீங்க?"

"சும்மாதான்."

"டீச்சரக்காவுக்கு நூத்து முப்பதுதான் இருக்கு. ஒங்க மூஞ்சியப் பாத்தா ஒங்களுக்குத்தான் எகிறிப்போய் இருக்கும்போல. கைய நீட்டுங்க."

"எனக்கு வேண்டாம்."

"நீட்டுங்கன்னா நீட்டணும்."

நீட்டினேன். நூற்று அறுபது இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் நான் குறித்துக்கொண்டேன். பிறகு மீன் குழம்பு பற்றிப் பேசினார்கள், பேருந்து நின்றுபோனது பற்றிப் பேசினார்கள், அரை மணி நேரத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட வரவில்லை. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்தேன். அப்படியும் புதன்கிழமை அவள் இருபத்தொன்று எடுத்தாள்.

நர்ஸ் மேல் இருந்த சந்தேகம் எனக்கே வேறொரு காரணத்தால் கலைந்தது. எந்த ஜாடியை எடுக்கப் போகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொல்வதில்லை. மாலையில் போய் எடுத்துக்கொண்டு வருகிறேன், அவ்வளவுதான். பதினெட்டு ஜாடிக்கும் முன்கூட்டியே சொற்களை மனப்பாடம் செய்வது நல்ல மூளைக்கே முடியாது. அப்படியானால் இந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன?

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. வெளியே மூடுபனி, கொடியில் மிளகு பறிக்கிற ஆள் வரவில்லை. நான் பாதியிலேயே திரும்பிப் பின்கதவு வழியாக வந்தேன். சமையலறையில் அவள் அலமாரியின் முன் நின்றிருந்தாள். முதுகு எனக்கு. வலது கையை உயர்த்தி, அடைப்பு வந்த அதே கையை, ஜாடி மூடிகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். ஒன்று, இரண்டு என்று தொட்டுவிட்டு, மூன்றாவதை எடுத்தாள். புளி. அதைத் திருப்பிப் பெயரைப் பார்த்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். உதடு அசைய ஆரம்பித்தது.

மறுநாள் ஞாயிறு. என் கை போக இருந்தது புளி ஜாடிக்குத்தான்.

அவள் திரும்பாமலே, "செருப்பக் கழட்டிட்டு வாங்க, சேறு" என்றாள். பிறகு, "நாளைக்கு இதுதானுங்களே?"

"யார் சொன்னது?"

"யாரு சொல்லோணும்? போன ஞாயித்துக்கெழம கிராம்பு. புதங்கெழம ரெண்டு தாண்டி வெந்தயம். நாளைக்கு ரெண்டு தாண்டிப் புளி. ரெண்டு உட்டு மூணு, ரெண்டு உட்டு மூணு. கடைசிக்குப் போனா திரும்ப ரெண்டாவதுல இருந்து. மெளகு வந்தா மட்டும் தாண்டிருவீங்க. அதுல வார்த்தை தேறாது."

நான் ஸ்டூலுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்தப் பக்கமும் சாயாமல் மாதிரி பொறுக்க வேண்டும் என்பதற்காக இடைவெளி விட்டு எடுப்பது எங்கள் துறைப் பழக்கம். கண்ணுக்குப் பிடித்ததை எடுக்கக் கூடாது, கைக்கு வாகானதை எடுக்கக் கூடாது. அதை நான் யோசித்துச் செய்யவில்லை. என் கை அப்படித்தான் போகும்.

"எப்பக் கண்டுபுடிச்ச?"

"தீபாவளி கழிச்சு. அதுக்கு முந்தி ஜாடியப் பாக்கவே தெம்பில்லீங்க. நீங்க சந்தையில தக்காளி பொறுக்கறதும் இப்படித்தான். ரெண்டு உட்டு மூணாவது. அழுகினதா இருந்தாலும் எடுத்துட்டு வந்து நிப்பீங்க."

எனக்கு மலைமேலுள்ள பெரக்கரை நாடு என்ற பகுதியின் விவசாயி ஒருவர் ஞாபகம் வந்தார். விளைச்சல் எவ்வளவு என்று கணக்கெடுக்க, சீட்டுக் குலுக்கியதில் விழுந்த வயலுக்குப் போய், ஒரு சிறிய சதுரத்தை அளந்து, அதை மட்டும் அறுத்து எடை போடுவோம். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்துதான் அளக்கத் தொடங்க வேண்டும் என்பது விதி. அவர் வயலில் அந்த மூலையில் மட்டும் கதிர் இடுப்பளவு நின்றது. என்ன இது என்றேன். "சார் இங்கதானுங்களே நுழைவீங்க? நம்ம காட்ட கம்மியா எழுதிறக் கூடாதுன்னு ரெண்டு கூடை எரு சேத்துப் போட்டேனுங்க" என்றார் கூச்சமே இல்லாமல். அன்று அந்த வயலைத் தள்ளிவிட்டு வேறு வயலுக்குப் போனேன். இன்று என் வீட்டுச் சமையலறையில் எரு போட்டிருந்தார்கள்.

"அப்ப அந்த இருபத்து நாலு?"

"நானா யோசிச்சதுதான். ஆரும் சொல்லிக் குடுக்கல. மூணு நாளு யோசிச்சேன். பாத்திரம் கழுவறப்ப ஒண்ணு வரும், தூங்கி எந்திரிக்கறப்ப ஒண்ணு வரும். சேத்து வெச்சுக்குவேன். பத்து நிமிசத்துல வான்னா வரமாட்டேங்குதுங்க. அதுக்கென்ன பண்றது?"

"இது கள்ளாட்டம்."

"ஆமாங்க" என்றாள். புளி ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "போயி உங்க பையன்கிட்டச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் மாலை புளியை எடுக்கவும் இல்லை. அலமாரியின் முன் நின்று, கையை வேண்டுமென்றே கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் மஞ்சள் ஜாடியை எடுத்தேன். மேஜையில் வைத்தபோது அவள் அதையே பார்த்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

'டைம்' என்றாள். கொட்டை விழுந்தது. 'ரைஸ்'. 'கட்'. 'ஐஸ்'. பிறகு நிறுத்தம். 'டர்ம்'. சில்வர் ஓக் மரங்கள் எல்லாவற்றையும் எண்ணி முடித்தேன். 'ட்ரூ'. அவள் நெற்றியில் வியர்வை தெரிந்தது, மார்கழிக் குளிரில். நான் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். அதைச் சொல்லிவிடுவாள், அதையாவது சொல்லிவிடுவாள் என்று கொட்டையை விரலில் பிடித்தபடி இருந்தேன். பேருந்தில் மகன் எடுத்த சொல். ஊரெல்லாம் அவள் சொன்ன சொல். பத்து நிமிடம் ஆனது. மொத்தம் எட்டு. அந்தச் சொல் வரவேயில்லை.

"போதுமுங்களா?" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையில் மிஞ்சிய கொட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் வாயில் போட்டுக் கடித்தேன்.

சரியான எண் எனக்குக் கிடைத்துவிட்டது. எட்டு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. மகனிடம் எட்டு என்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். எட்டை மறைத்தால் நான் என்ன ஆள்? ஆனால் எட்டு சொல் மட்டும் எடுக்க முடிந்தவள் எப்படி என் கையின் பழக்கத்தைப் படித்தாள்? பதினெட்டு ஜாடியின் வரிசையை எப்படி மனதில் வைத்திருக்கிறாள்? மிளகைத் தாண்டுவேன் என்பதைக்கூடப் பிடித்தாளே, அதற்கு எத்தனை கொட்டை போடுவது? பொங்கல் வரை இதே யோசனை. ராத்திரி போனில் மகன் கேட்டால், "நேர்ல வந்து பாரு" என்று மட்டும் சொன்னேன். அவனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். எங்கள் ரத்தம்.

பொங்கலுக்கு முந்தின நாள் அவன் மட்டும் காரில் வந்தான். மருமகளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. கரும்பு, பழம், ஒரு புதுக் காலண்டர் எல்லாம் கொண்டுவந்தான். இவள் அவனைத் தடவிப் பார்த்து, "இளைச்சுப் போயிட்டியே சாமி" என்றாள். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவனே மேஜையைத் துடைத்துவிட்டு, "சரிப்பா, ஜாடி எடுத்துட்டு வாங்க. நானும் பாக்கறேன்" என்றான்.

நான் அலமாரிக்குப் போனேன். மஞ்சளுக்குப் பிறகு என் கை பழைய வரிசைக்கே திரும்பியிருந்தது; அடுத்தது எதுவென்று அதற்குத் தெரியும். ஏலக்காய். அவளுக்கும் தெரியும். மூன்று நாளாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவள் உதடு அசைந்ததை நான் பார்த்திருந்தேன். வேறு ஜாடியை எடுத்தால் எட்டு வரும், இன்றைக்கே கார் ஏற வேண்டியதுதான். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஏலக்காயையே எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன். உள்ளே பொட்டுக்கடலை கலகலவென்றது.

அவள் ஜாடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"கண்ணு, இது வேண்டாம். உங்கப்பா இதத்தான் எடுப்பாருன்னு எனக்குப் போன வாரமே தெரியும்." எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரண்டு விட்டு மூன்றாவது, சேர்த்து வைத்தது, மஞ்சளுக்கு எட்டு வந்தது, எல்லாம். நடுவில் மூன்று இடத்தில் சொல் கிடைக்காமல் கையால் காட்டினாள். "நீயே ஒண்ணு குடு. நான் பாக்காதது."

அவன் ஏலக்காய் ஜாடியை ஓரமாகத் தள்ளினான். பிறகு கொண்டுவந்த காலண்டரை விரித்து, மேலே பெரிதாக அச்சடித்திருந்த 'காலண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லின்மேல் விரலை வைத்தான். எட்டு எழுத்து.

அவள் முட்டிக்கொண்டு எடுத்தாள். 'கார்', 'கார்ட்', 'ரெட்', 'லேண்ட்'. நிறுத்தம். 'டான்ஸ்'. நான் கொட்டை போடப் போட அவன் கடிகாரத்தைப் பார்க்காமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் முடிகிற சமயம், ஜன்னலில் இருந்த மெழுகுவத்தியைப் பார்த்தவள் போல, 'கேண்டில்' என்றாள். பதினொன்று.

"பதினஞ்சு வரலயே" என்றாள் அவனிடம். கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"யாரு பதினஞ்சுன்னு வெச்சது?" என்றான் அவன்.

"நான்தான்" என்றேன்.

"எத வெச்சு?"

நான் தட்டில் இருந்த கொட்டைகளை மறுபடி எண்ணினேன்.

"நல்லா இருக்கறவங்களுக்கு எவ்வளவு வரும்னு பாத்தீங்களா? நீங்க எடுத்தா எத்தன வரும்?"

பார்க்கவில்லை. ஊர் ஊராகக் கணக்கெடுத்தவன், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ஆளின் எண்ணை எடுத்து வைக்கவில்லை. என் வேலையில் கற்றுக்குட்டிகூட இதை விடமாட்டான்.

"எடுங்க" என்றான். கொட்டைத் தட்டை அம்மா பக்கம் தள்ளினான். பத்து நிமிடம் நான் அந்த எட்டு எழுத்தோடு மல்லுக்கட்டினேன். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது என்றும் விதி போட்டார்கள். ஒன்பது வந்தது. ஒவ்வொரு கொட்டையையும் அவள் ரொம்ப ரசித்துப் போட்டாள். "ஸ்டூடண்ட் பரவால்ல, பாஸ் போட்டுறலாம்" என்றாள்.

பிறகு அவன் எடுத்தான். நெற்றியைத் தேய்த்தான், கூரையைப் பார்த்தான், எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். ஏழோடு நிறுத்தினான். "ஒண்ணும் வரலப்பா. மண்டை காலி. அப்ப மொதல்ல என்னத்தான் ஆஸ்பத்திரியில சேக்கோணும். அடுத்து உங்கள. அம்மா நம்ம ரெண்டு பேரையும் பாத்துக்கட்டும்."

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்ஸ்கூடச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

பொங்கல் முடிந்து அவன் தனியாகத்தான் கீழே போனான். மாதம் ஒருமுறை நாமக்கல் டாக்டரிடம் போக வேண்டும், நர்ஸிடம் தினமும் காட்ட வேண்டும், இரண்டு கைபேசியிலும் ஆம்புலன்ஸ் எண் முதலில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டான். ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி, "ஜாடிய மட்டும் மாத்தி மாத்தி எடுங்கப்பா" என்றான். "வாரேம்மா."

கார் திரும்பியதும் நான் காலண்டரின் முன் போய் நின்றேன். பதினொன்று, ஒன்பது, ஏழு. இப்படிச் சம இடைவெளியில் எண்கள் வந்து நின்றால் எங்கள் ஆபீசில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். மஞ்சளுக்குள் 'ரெக்ரூட்' கண்டுபிடித்தவனுக்குக் காலண்டருக்குள் வெறும் ஏழுதானா? கண் முன்னாலேயே 'லேர்ன்' இருக்கிறது, 'கிளியர்' இருக்கிறது. நான்கு எழுத்துச் சொல்கூட ஒன்று எடுக்கவில்லை அவன்.

"அவன் வேணும்னே நிறுத்திட்டான்" என்றேன் இவளிடம்.

"உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று காப்பி கலக்கப் போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போதும் ஞாயிறும் புதனும் நடக்கிறது. போனை மேஜைமேல் வைத்து அவனையும் சேர்த்துக்கொள்கிறோம். கொட்டை விழும் சத்தம் அவனுக்குக் கேட்க வேண்டுமாம், தட்டைப் போன் பக்கத்தில் வைக்கச் சொல்கிறான். ஜாடியை நான் எடுப்பதில்லை. நர்ஸ் வந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருகிறார். போன ஞாயிறு அவள் பன்னிரண்டு, அவன் பதினொன்று. நேற்று அவள் பதின்மூன்று, அவன் பதினொன்று. அவள் குறைந்த வாரம் அவனும் குறைகிறான். எப்போதும் அவளைவிட ஒன்றோ இரண்டோ கீழே. இவ்வளவு ஒழுங்காக வருகிற எண்ணை என் உத்தியோகத்தில் நான் ஒருநாளும் நம்பியதில்லை.